வெண்மதிக்கு என்ன நோய்

கடலூர் முதுநகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருந்த சின்ன லேபில் ஜெயராணி பதினோரு ஆண்டுகளாக வேலை பார்த்து வந்தாள். டைபாய்டா, மலேரியாவா, சர்க்கரை எவ்வளவு என்று அந்த வட்டாரத்துக்கே எழுதிக் கொடுத்தவள். அவள் கையெழுத்துப் போட்ட சீட்டு என்றால் டாக்டர்கள் மறுபடி டெஸ்ட் கேட்க மாட்டார்கள். அப்படிப்பட்டவள் தன் சொந்தத் தங்கைக்கு என்ன நோய் என்று தெரியாமல் ஏறக்குறைய மூன்று வருடம் தவித்தாள்.

தங்கை வெண்மதி அவளுக்கு எட்டு வயது இளையவள். அப்பா தேவசகாயம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா ராஜாமணி. அவர்கள் தெருவிலேயே எம்.எஸ்சி. வரை படித்த முதல் பெண் வெண்மதிதான். சிதம்பரத்தில் கணக்குப் படித்து, பி.எட். முடித்து, அங்கேயே ஒரு பள்ளியில் வேலையும் வாங்கிவிட்டாள். வாரம் முழுவதும் ஹாஸ்டலில் தங்கி, சனிக்கிழமை வீட்டுக்கு வருவாள். வரும்போது திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டு ஒன்று பையில் இருக்கும்.

2009 மார்ச்சில் ஒரு மத்தியானம் பள்ளியிலிருந்து ஜெயராணிக்கு போன் வந்தது. வெண்மதி வகுப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், பக்கத்து நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறோம் என்றார்கள். தவக்காலம் அது. வெண்மதி சாம்பல் புதனிலிருந்து ஒரு வேளைதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் வந்த வலியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டே ஜெயராணி பஸ் ஏறினாள்.

போய்ப் பார்த்தால் வெண்மதி தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ராணிக்கா, ஈரத்துணியப் புழியறாப்ல உள்ள புழியுது. முடியலக்கா."

டாக்டர் அப்பெண்டிக்ஸ் என்றார். அன்று மாலையே ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாளும் அதே வலி. எடுத்த குடல்வால் நன்றாகத்தான் இருந்தது என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாப்பிட முடியாததால் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஐந்தாறு நாளில் வலி தானாக அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்தாள், சோறு தின்றாள், சிரித்தாள். எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஜூலையில் திரும்ப வந்தது. பிறகு அக்டோபரில். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் மாதவிலக்குக்கு நாலு நாள் முன்னால். பாண்டிச்சேரியில் ஸ்கேன் எடுத்தார்கள், வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். ரத்தத்தையும் சிறுநீரையும் ஜெயராணியே பத்துப் பதினைந்து தடவை பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள், வலி குறையும். ஒரு டாக்டர் அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு ஜெயராணியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"வெறும் குளுக்கோஸ்தாம்மா போட்டோம். வேற மருந்தே குடுக்கல. அதுலயே சரியாயிடுதுன்னா, நோய் வயித்துல இல்ல. மனசுல."

அந்தச் சொல் வீட்டுக்குள் வந்த பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. ராஜாமணி கண்திருஷ்டி என்றாள். ஜெயராணியின் கணவன் சார்லஸ் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர். தன் உடுப்பில் ஒட்டி வரும் நெடிதான் காரணமோ என்று பயந்து, வெண்மதி வரும் சனிக்கிழமைகளில் மாமனார் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்தான். தேவசகாயம் ஜெபம்தான் வழி என்று தீர்மானித்தார். மாதா முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, மகளை ஒன்பது நாள் உபவாசம் இருக்கச் சொன்னார். அவரும் கூடவே இருந்தார். வெண்மதி மறுக்கவில்லை. ஏழாம் நாள் அவளை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

"விசுவாசம் பத்தலப்பா எனக்கு," என்று அப்பாவிடம் அழுதாள் அவள்.

2010 நவம்பரில் பெண் பார்க்க வந்தார்கள். பையன் விருத்தாசலத்தில் பேங்க் வேலை. நல்ல இடம். அன்று காலை பத்து மணிக்கு வெண்மதிக்கு வலி தொடங்கியது. புடவை கட்டிக்கொண்டே குளியலறைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். வந்தவர்கள் ஹாலில் காப்பி ஆறிப்போகக் காத்திருந்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். அவர்கள் சொல்லி அனுப்பவேயில்லை.

அன்றைக்குத்தான் ஜெயராணி அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"ஏண்டி, மாப்ள புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லித் தொலையேன். எதுக்குடி இப்படி எல்லாரயும் சாவடிக்கிற?"

வெண்மதி அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு வலி வந்தால் வீட்டுக்குச் சொல்வதில்லை. ஹாஸ்டலிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பாள். சக ஆசிரியைகள் சொல்லித்தான் இவர்களுக்குத் தெரியும்.

2011 அக்டோபரில் வகுப்பில் கரும்பலகை முன்னால் விழுந்தாள். வலிப்பு. நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வலிப்புக்கு மாத்திரை கொடுத்து, லீவு போட வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். நாள் தவறாமல் ராஜாமணி தன் கையாலேயே மகளின் வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மாத்திரை சாப்பிடச் சாப்பிட வலி முன்னைவிட ஜாஸ்தியாயிற்று. டிசம்பரில் சீப்பைத் தூக்கித் தலை வார முடியவில்லை. மாடிப்படியில் கால் மடங்கியது. கிறிஸ்துமஸ் பூசைக்குச் சார்லஸும் தேவசகாயமும் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிப்போனார்கள். இருபத்தெட்டாம் தேதி, சுவரோரம் யாரோ நிற்கிறார்கள், போகச் சொல்லுங்கள் என்று அவள் கத்தத் தொடங்கியதும், கடலூரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள்.

மறுநாள் கடலில் புயல் என்று ரேடியோவும் டிவியும் சொல்லிக்கொண்டிருந்தன. நர்சிங் ஹோமின் லேப் ஆள் லீவில் போயிருந்தார். ஜெயராணி தங்கையின் ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்துக்கொண்டு தன் லேபுக்கு வந்தாள். ரத்தத்தைப் பார்த்தாள். சோடியம் மிகக் குறைவாக இருந்தது. அதை போனில் சொன்னாள். சிறுநீரில் சர்க்கரை இல்லை, புரதம் இல்லை. மீதி இருந்ததை மற்ற நாலு பேருடைய குப்பிகளோடு ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, காற்று வலுக்கும் முன் வீடு போய்ச் சேர ஓடினாள்.

முப்பதாம் தேதி 'தானே' என்று பெயர் வைத்த அந்தப் புயல் கரையேறியது. விடிந்து பார்த்தால் தெரு தெரியவில்லை. மரங்கள்தான் தெரிந்தன. மின்கம்பங்கள் வளைந்து வீடுகள் மேல் சாய்ந்திருந்தன. கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சார்லஸ் விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நர்சிங் ஹோமுக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"உசுரோட இருக்கா. ஆனா குரல் வரமாட்டேங்குது ராணி. காத்தாட்டம் வருது. ஜெனரேட்டர் ஓடுது, டீசல்தான் எங்கயும் கெடைக்கல."

ஜனவரி முதல் தேதி, புது வருடப் பூசை முடிந்ததும், ஜெயராணி லேபைத் திறந்தாள். தரையெல்லாம் தண்ணீரும் கண்ணாடியும். மெஷின்கள் செத்துக் கிடந்தன. ஃப்ரிட்ஜில் இருந்த ரீஏஜென்டுகளில், டெஸ்டுக்குக் கலக்கிற திரவங்களில், பாதி வீண். கூட்டிப் பெருக்கிக்கொண்டே ஜன்னலுக்கு வந்தவள் துடைப்பத்தோடு நின்றுவிட்டாள்.

காற்று படாத பக்கத்து ஜன்னல் அது. குப்பிகள் ஐந்தும் வைத்த இடத்திலேயே நின்றன. நான்கில் சிறுநீர் வைக்கோல் நிறத்தில் கொஞ்சம் கலங்கியிருந்தது. ஐந்தாவது, நாவல்பழச் சாறு போலக் கறுத்துச் சிவந்திருந்தது. லேபிளில் அவள் கையெழுத்து. வெண்மதி, வயது 27.

முதலில் பழசானதால் இருக்கும் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஐந்தும் ஒரே நாள் எடுத்தவை, ஒரே வெயிலில் இருந்தவை. எப்போதும் டெஸ்ட் முடிந்த உடனே கொட்டிக் கழுவிவிடுவது அவள் பழக்கம். சுத்தக்காரி என்று பெயர் வாங்கிய பழக்கம் அது. மூன்று வருடத்தில் தங்கையின் குப்பி ஒன்றுகூட ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் நின்றதில்லை.

சிறுநீர் வெயிலில் கறுக்கும் என்று எங்கோ எழுதியிருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு ஓடி, பரணில் இருந்த டிப்ளமா நோட்டுகளை இறக்கினாள். மழை புகுந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சிறுநீர்ப் பரிசோதனைகள் என்ற தலைப்பில், மஞ்சள் காமாலைக்குப் போடுகிற டெஸ்டுக்குக் கீழே, யாரோ சொல்லச் சொல்ல எழுதிய நாலு வரி இருந்தது. அதே ரீஏஜென்டைக் கலந்தால் இன்னொரு நோயிலும் சிவக்கும். குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்க வேண்டும். காமாலை என்றால் சிவப்பு அடியில் இறங்கிவிடும். இறங்காமல் மேலேயே நின்றால் போர்ஃபிரியா. சிறுநீர் வெயிலில் கறுக்கும். அரிது.

பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று சொல்: வயிற்றுவலி, வலிப்பு, பக்கவாதம். அதற்கும் கீழே: தூக்க மருந்து, வலிப்பு மருந்து ஆகாது.

நர்சிங் ஹோமுக்குப் போய்த் தங்கையின் சிறுநீரைப் புதிதாக எடுத்துவந்தாள். தன்னுடையதையும் ஒரு குப்பியில் பிடித்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே. கரண்ட் இல்லாத லேபில், ஜன்னல் வெளிச்சத்தில், கையாலேயே செய்தாள். இரண்டு டியூப்பிலும் ரீஏஜென்டை ஊற்றினாள். தன்னுடையது வெளிறியே இருந்தது. வெண்மதியுடையது ரோஜா நிறமாகிச் செக்கச் சிவந்தது. குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கி நிறுத்தினாள். அடியில் இறங்கிய திரவம் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. சிவப்பு மேலேயே நின்றது.

சந்தேகத்துக்கு இன்னொரு முறை செய்தாள். அப்போதும் மேலேயே நின்றது. டியூப்பைப் பஞ்சால் அடைத்து, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

நர்சிங் ஹோம் டாக்டர் மூன்று நாளாகத் தூங்காதவர். கூரை விழுந்தவர்கள், தகரம் கிழித்துக் காயம்பட்டவர்கள் என்று வராந்தா நிறைந்திருந்தது.

"சார், என் தங்கச்சிக்கு அந்த வலிப்பு ஊசிய நிறுத்திடுங்க."

"என்னம்மா சொல்றீங்க? காலைலகூட ஃபிட்ஸ் வந்திருக்கு."

"அந்த மருந்துதான் சார் அவளுக்கு ஆவாதது. போர்ஃபிரியா சார். இத பாருங்க."

அவர் டியூப்பை வாங்கவில்லை. "நீங்க டெக்னீசியன்தானே. நாப்பது வருசத்துல நான் ஒரு கேஸ்கூட பார்த்ததில்லம்மா அது. மெஷின் இல்லாம, கரண்ட் இல்லாம, என்னத்த டெஸ்ட் பண்ணீங்க?"

"கையாலதான் சார் பண்ணேன். ரெண்டு வாட்டி பண்ணேன். என்னோடதயும் கூடவே போட்டேன், அது செவக்கல. பதினோரு வருசமா என் ரிப்போர்ட்ட வெச்சுதான் சார் நீங்க மருந்து எழுதறீங்க. இது ஒண்ணயும் நம்புங்க. தப்பா இருந்தா நாளைலேர்ந்து நான் லேப் கதவயே தொறக்கல."

பக்கத்தில் நின்ற நர்ஸ் அமராவதி, "சார், மத்தியானம் அந்தப் பொண்ணு மூச்சு எண்ணிக்கை கொறைஞ்சிருக்கு," என்றாள் மெதுவாக.

டாக்டர் கைக்குட்டையைப் பிரித்து டியூப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்ப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். வெளியே வந்தபோது குரல் மாறியிருந்தது.

"ஊசிய நிறுத்துங்க சிஸ்டர். குளுக்கோஸ் போடுங்க, சோடியமும் சேர்த்து. இங்க வென்டிலேட்டர் கெடையாதும்மா. பாண்டிக்கு இப்பவே கொண்டுபோயிடுங்க. மூச்சுத் தசை நின்னுட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத பாதை. மரங்களை அறுத்து ஒரு வண்டி போகிற அளவுக்குத்தான் வழி செய்திருந்தார்கள். எதிரே லாரி வந்தால் ஆம்புலன்ஸ் ஒதுங்கி நிற்கும். நிற்கிற ஒவ்வொரு தடவையும் தேவசகாயம் இறங்கி ஓடி, கை ஆட்டி வழி கேட்டார். உள்ளே ஜெயராணி தங்கையின் நெஞ்சின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். நெஞ்சு ஏறுகிறதா, எத்தனை ஏறுகிறது என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ஒரு நிமிடத்துக்குப் பதினான்கு. பிறகு பன்னிரண்டு. ரெட்டிச்சாவடி தாண்டியபோது ஆம்புலன்ஸ் ஆள் ஆக்ஸிஜன் பையை எடுத்து அமுக்கத் தொடங்கினான். வெண்மதியின் கண்கள் திறந்தே இருந்தன. அவளுக்கு எல்லாம் தெரிந்தது, அசையத்தான் முடியவில்லை.

பாண்டிச்சேரியின் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்த அரை மணி நேரத்தில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். அங்கே நரம்பியல் பிரிவில் இருந்த டாக்டரம்மா ஜெயராணியின் டியூப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். தங்கள் லேபிலும் செய்து பார்த்தார்கள். அதே சிவப்பு. அதே இடத்தில்.

"நீங்க சொன்னது கரெக்ட்," என்றார். "இது ரத்தத்துல சிவப்பு நிறம் உண்டாகுற வேலைல வர்ற கோளாறு. பொறவியிலேயே இருக்கும். பட்டினி கெடந்தா கிளம்பும், மாதவிலக்கு சமயத்துல கிளம்பும், சில மருந்து பட்டா கிளம்பும். நேரா இதுக்குன்னு ஒரு ஊசி இருக்கு, நம்ம நாட்டுல கெடைக்கறதில்ல. குளுக்கோஸ்தான் நம்ம கைல இருக்கற மருந்து."

தேவசகாயம் டாக்டரம்மாவின் முன்னால் வந்து நின்றார். "பட்டினி கெடந்தாலா?" என்று இரண்டு முறை கேட்டார். அன்று முதல் ஐ.சி.யூ. வாசலிலேயே கிடந்தார்.

பத்தொன்பது நாள் மெஷின் மூச்சுவிட்டது. நடுவில் ஒருமுறை நிமோனியா வந்து, இரண்டு நாள் டாக்டர்கள் இவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இருபதாம் நாள் வெண்மதியின் வலது கை சுண்டுவிரல் அசைந்தது. ராஜாமணிதான் அதை முதலில் பார்த்தாள். சொன்னால் போய்விடுமோ என்று பயந்து, மறுபடி அசையும் வரை யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி கடைசியில், மூச்சுக்காகத் தொண்டையில் போட்ட துளை மூடி, முணுமுணுப்பாகப் பேச ஆரம்பித்த சமயம், ஜெயராணி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வெண்மதி ஸ்பூனைக் கண்ணாலேயே தடுத்தாள்.

"அக்கா. நீ என்ன நம்புனியா? அந்த மூணு வருசமும்?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது ஜெயராணிக்கு.

"இல்லடி. எல்லா நாளும் நம்பல."

"மாப்ள வூட்டுக்காரங்க வந்த அன்னிக்கி?"

"அன்னிக்கி நம்பவே இல்ல."

"நானே பல நாள் என்ன நம்பலக்கா," என்றாள் வெண்மதி. "எல்லாரும் சொல்றாங்களே, நெசமாவே நாமதான் நடிக்கறமோன்னு நெனச்சுக்குவேன். அதுதான் வலிய விட மோசம்."

ஜெயராணி ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு வெளியே போய், வராந்தாக் குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். கஞ்சி ஆறியிருந்தது. மீதியை அப்படியே ஊட்டினாள்.

குடும்பத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்கள். அதே கோளாறு தேவசகாயத்துக்கும் இருந்தது. அவருக்கு அறுபத்திரண்டு வயது, ஒரு நாள் வயிற்றுவலி என்று படுத்ததில்லை, மகளோடு சேர்ந்து அவரும்தான் உபவாசம் இருந்தார். சிலருக்குக் கடைசி வரை வெளியே தெரியாமலே போகும் என்றார் டாக்டரம்மா. ஜெயராணிக்கு இல்லை என்று வந்தது. அந்தச் சீட்டை அவள் யாரிடமும் காட்டாமல் மடித்து வைத்துக்கொண்டாள்.

தேவசகாயம் அதிகம் பேசாதவராகிவிட்டார். வீடு திரும்பிய பிறகு மூன்று வேளையும் மகளின் தட்டில் சோறு வைப்பது அவர்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் ராஜாமணி பொறுக்காமல், "அவ என்ன கொழந்தயா, எழுந்துருங்க," என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. வெண்மதி இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வெண்மதி வேலைக்குப் போனாள். வலது மணிக்கட்டு இன்னும் தொங்கியது. இடது கையால் போர்டில் எழுதப் பழகியிருந்தாள், எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. ஹாஸ்டல் வேண்டாம் என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை மறுபடி வலி தொடங்கியது. இந்த முறை கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. வீட்டுக்கு போன் செய்துவிட்டு, ஆட்டோ பிடித்துத் தானே சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜெயராணி பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது தங்கை கேஷுவாலிட்டிக் கட்டிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பயிற்சி டாக்டர் ஒருவர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். வெண்மதி இடது கையால் பையைத் துழாவி, ஆகாத மருந்துகளின் பெயர்கள் எழுதிய பிளாஸ்டிக் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"சார், மொதல்ல இத படிங்க. அப்புறம் ஊசியப் போடுங்க."

அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, அட்டையை வாங்கி, நின்றபடியே முழுவதும் படித்தார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்பலேர்ந்து வலிக்குது, சொல்லுங்க," என்றார்.

வெண்மதி சொல்லத் தொடங்கினாள்.